எலிக்கு மட்டும் வளர்கிற சுரப்பி

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நம் மகள் ரிஸ்வானா என்மேல் கோபித்துக்கொண்ட கதையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உங்கள் இமை தானாகத் தொங்க, நீங்கள் கண்ணடிப்பதாகத் தெருவே பேசியதே, நினைவிருக்கிறதா? மதுரையில் உங்கள் நெஞ்செலும்புக்குப் பின்னாலிருந்த தைமஸ் சுரப்பியை எடுத்த பிறகுதான் என் சந்தேகமும் தீர்ந்தது. அந்த தைமஸைப் பற்றித்தான் அவள் இப்போது சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். நோயோடு மல்லுக்கட்டும் செல்களுக்கு அதுதான் பயிற்சிக்கூடமாம். வயதானால் எல்லோருக்கும் சுருங்கிவிடுமாம். முன்னோடிச் செல்கள் என்று, பின்னால் சுரப்பியாக முதிரக்கூடிய இளஞ்செல்களை வைத்து அதைத் திரும்ப வளர்க்கப் பார்க்கிறார்கள்.

இதைக் கேட்டு நான் சும்மா இருப்பேனா? கீழக்கரை முழுக்கச் சொன்னேன். லீவுக்கு அவள் வந்து இறங்கியபோது வாசலில் கூட்டம், ஆளுக்கொரு எக்ஸ்ரே. முதல் ஆள், கப்பல் வேலையை விட்டு வந்த உங்கள் கூட்டாளி காசிம்.

"வாம்மா, மாமாவுக்கு ஒண்ணு வளத்து விடு. சின்னதா இருந்தாலும் போதும்."

"இப்ப எலிக்குத்தான் மாமா வளக்குறோம். மனுசருக்கு இன்னும் வரல."

"அப்ப நான் எலியாப் பொறந்திருக்கணும்" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எல்லோரும் போனார்கள், பக்கத்துத் தெரு மும்தாஜைத் தவிர. புற்றுநோய் மருந்து ஏற்றியதிலிருந்து அவள் மகளுக்கு ஓயாத காய்ச்சல். "எம் புள்ளைக்காவது ஆகுமாம்மா?"

ரிஸ்வானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஆகாது மாமி. ஆனா இந்த மாதிரி புள்ளைங்களுக்காகத்தான் பாக்குறோம்."

மும்தாஜ் போனதும் ரிஸ்வானா என் பக்கம் திரும்பினாள். "இல்லாத ஆசைய ஏன் உம்மா காட்டுனீங்க?"

"உங்க வாப்பாவுக்குத் திரும்ப வளக்கலாம்னுதானே நீ படிக்கப் போன?"

"வாப்பாவுக்கு வம்பு பண்ணினதே அதுதான் உம்மா! திரும்ப வளந்திருந்தா மறுபடி இமை தொங்கியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஏன் மச்சான் அழுதாள்? மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் மும்தாஜ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "எலிக்காவது நல்லா வளரட்டும் லாத்தா. அப்பத்தானே நம்ம புள்ளைங்க முறை வரும்?" என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

மனிதருக்கும் ஆகும் என்று நம் மகள் தன் வாயால் சொல்லும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன் மச்சான், இது சத்தியம். சொல்கிற அன்று, முதலில் மும்தாஜிடம் ஓடுவேன். அப்புறம்தான் உங்களுக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
ரிஸ்வானாவின் உம்மா