வாயை மூடி எடுத்த அச்சு

ஜூன் 4

இன்று ஒத்திகை. மேடைத் தரையில் வைக்கும் ஸ்பீக்கர்களை எல்லாம் தூக்கி வண்டியில் போட்டுவிட்டார்கள். இனி மேடையில் சத்தமே இருக்காதாம். அவரவர் காதில் இயர்போன், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. தாளமும் வாத்தியமும் நம் குரலும் நேராகக் காதுக்குள்ளேயே வந்துவிடும். ஒலியைக் கவனிக்கும் மிக்ஸர்காரர் புது மாப்பிள்ளை மாதிரி வளைய வந்தார்.

என்னுடையது கைப்பேசியோடு வந்த இயர்போன். குரல் உச்சிக்கு ஏறும் மேல் சரணத்தில் வாயைத் திறந்தேன், வலது பக்கம் கழன்று தோளில் தொங்கியது. எடுத்துச் செருகினேன். இடது பக்கம் கழன்றது. பின்னால் கோரஸில் நிற்கும் புதுசு சிரிப்பை அடக்கியது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. புதுசு என்று நான் சொல்லும் அந்தப் பெண் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இருபத்து நான்கு வயது. எனக்கு நாற்பத்தேழு.

ஜூன் 6

கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவரும் போட்டுப் பார்க்க விடவில்லை. "காதுல போட்டதை அப்புறம் யாருக்கும்மா விக்கிறது? பெட்டியப் பிரிச்சா திரும்ப எடுக்க மாட்டோம்." நியாயம்தான். ஆனால் செருப்பு வாங்கினால்கூட நாலு அடி நடந்து பார்க்கிறோம்.

கடைசியில் ஒன்று வாங்கினேன். கூடவே மூன்று அளவு ரப்பர் முனை, ஒரு ஜோடி பஞ்சு முனை. கண்ணாடி முன் நின்று பாடினேன். சின்ன முனை வழுக்கியது. நடு முனை வழுக்கியது. பெரிய முனை முதலில் வலித்தது, பிறகு வழுக்கியது. இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "டேப் போட்டு ஒட்டிக்கோயேன்" என்றார். கட்டிய நாளிலிருந்து இவருக்கு எல்லாமே விளையாட்டு.

அப்புறம் ஒட்டியும் பார்த்தேன். அது இவருக்குத் தெரியாது.

ஜூன் 9

எழுதக் கை வரவில்லை.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. என் பாட்டு. இருபத்திரண்டு வருடமாக இந்தக் குழுவில் என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டு. மேல் சரணத்தில் டேப்பையும் மீறி இயர்போன் விலகியது. டிரம்ஸ் ஒரு பக்கம், கூட்டத்தின் இரைச்சல் ஒரு பக்கம், நடுவில் என் குரல் எங்கே என்றே தெரியவில்லை. சுருதி இறங்கிவிட்டது. முன் வரிசையில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. புதுசு காய்ச்சல் என்று வரவில்லை, அவள் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முடிந்ததும் மாஸ்டர் ஓரமாக அழைத்தார். கீபோர்டு வாசிப்பவர், குழு அவருடையது. என்னைவிட நாலு வயது சின்னவர்.

"அக்கா, ஆகஸ்ட் ரெண்டாம் தேதி பெரிய ஹால். மூவாயிரம் பேர் வருவாங்க. அதுக்குள்ள காதுக்கு ஏதாவது வழி பண்ணிக்கோங்க. இல்லன்னா அந்தப் பாட்ட அந்தப் பொண்ணு பாடட்டும். எனக்கும் இதச் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு."

அந்தப் பாட்டும் போனால் எனக்கு மேடையில் என்ன வேலை? நடுவில் நின்று கைதட்டுகிற வேலையா?

ஜூன் 10

எனக்கு வேறு எதுவும் தெரியாது. இந்த வயதில் எங்கே போய் எதைக் கற்றுக்கொள்வது?

ஜூன் 11

வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் போனில் அழுதுவிட்டேன். அக்கா அழுது அவன் கேட்டதில்லை, பயந்துபோனான். "அக்கா, கடைல வாங்கறதெல்லாம் ஊருக்குப் பொதுவா செஞ்சது. இங்க உன் காதுக்குன்னே செஞ்சு தருவாங்க. பெரிய பாடகர்லாம் அதத்தான் போடறாங்க. உன் காது அச்சு மட்டும் எடுத்து அனுப்பு, மத்தத நான் பாத்துக்கறேன்." விலையைச் சொல்ல மாட்டேன் என்றான். நானும் வற்புறுத்தவில்லை.

அச்சு எடுக்கிற ஒரே இடம், காது மெஷின் விற்கும் கடை. அந்தக் கடை அம்மா அங்கேயே காது அளவுக்கு இயர்போன் உறை செய்தும் தருகிறார் என்று மிக்ஸர்காரர் சொன்னார். பார்த்தேன். மாடியில் ஒரு அறை, வாசலில் மங்கிப்போன காதுப் படம். என் பாட்டு அந்த அறையை நம்பி இருக்க வேண்டுமா? இங்கே வாங்கியதன் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

ஜூன் 13

காதுக்கடைக்குப் போனேன். கம்பெனிக்காரர்கள் அனுப்பிய குறிப்புத் தாளைத் தம்பி அனுப்பியிருந்தான், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். "அச்சு எடுக்கறவங்ககிட்ட இதக் காட்டு" என்றான். மடித்துப் பையில் வைத்திருந்தேன்.

மாடி ஏறியதும் அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். சுவரெல்லாம் அவர் செய்த உறைகள், சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிகளில். "எதுக்கும்மா அச்சு?" என்று கேட்டார். அந்த அம்மாவிடம் போய், உங்கள் பொருள் வேண்டாம், அச்சு மட்டும் எடுங்கள், வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நாக்கு புரளவில்லை.

"வீட்டுக்காரர் குறட்டை விடறார். தூங்கும்போது அடைச்சுக்க" என்றேன். "அச்சு மட்டும் கொடுங்க, அடைப்பான் என் தம்பி செஞ்சுக்குவான்" என்று ஒரு கொசுறுப் பொய் வேறு.

அவர் சிரித்தார். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்தார், ஊசி இல்லாத சிரிஞ்சால் ரோஜா நிறக் களிம்பை ஏற்றினார். "தூங்கற மாதிரி வாய மூடி, அசையாம அஞ்சு நிமிஷம் இருங்க." இருந்தேன். தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் பொய் வெளியாகிவிடுமே.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ஊர் முழுக்க என் குறட்டை மானத்த வாங்கிட்டியா?" என்றார்.

ஜூன் 14

அச்சு கப்பலேறிவிட்டது. விமானம்தான். ஆனால் கப்பலேறிய மாதிரி இருக்கிறது.

ஜூலை 2

செய்து முடிக்க இன்னும் ஒரு வாரமாம். நடுவில் மூன்று நிகழ்ச்சி. மூன்றிலும் டேப். மேல் சரணம் எப்படியோ தப்பியது. எப்படி என்று தெரியவில்லை, ஆனால் யாரும் உதட்டைப் பிதுக்கவில்லை.

ஜூலை 19

அங்கிருந்து கிளம்பி, இங்கே வந்து சேர்ந்து, சுங்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசியில் "பரிசீலனையில்" என்று மூன்று நாளாகக் காட்டுகிறது. காலையில் எழுந்ததும் பார்க்கிறேன், பல் துலக்கும்போது பார்க்கிறேன், பாத்திரம் தேய்த்த கையோடு பார்க்கிறேன். இன்னும் பதினான்கு நாள்.

ஜூலை 22

சுங்க அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்: "இது என்னம்மா, மருத்துவச் சாமானா, எலக்ட்ரானிக் சாமானா?"

"பாடறதுக்குங்க."

"அப்படி ஒரு பிரிவு இல்லையே."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. எலக்ட்ரானிக் என்று கையெழுத்துப் போட்டு, கேட்டதைக் கட்டினேன்.

ஜூலை 24

வந்துவிட்டது!

அடர் சிவப்பில் இரண்டு சின்ன ஓடுகள். காதில் வைத்துத் திருப்பினேன், பூட்டுக்குள் சாவி போன மாதிரி உட்கார்ந்தது. தெருச் சத்தம் நின்றது. குக்கர் சத்தம் நின்றது. இவர் எதிரே வாயை வாயை அசைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருடத்தில் இவ்வளவு நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை. தம்பிக்குப் போன் போட்டு, நீ நல்லா இருக்கணும்டா, நல்லா இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 25

கழல்கிறது.

வாயை மூடியிருந்தால் சிக்கெனப் பிடிக்கிறது. பேசினால் பரவாயில்லை. மேல் சரணத்துக்கு வாயை அகலத் திறந்ததும் காதுக்குள் ஒரு பக்கம் இடைவெளி விட்டு, டிரம்ஸ் குபீரென்று உள்ளே வருகிறது. வாயை மூடினால் மறுபடி பிடிக்கிறது. ஒத்திகையில் ஐந்து தரம் பாடினேன். ஐந்து தரமும் அதே இடத்தில்.

இதற்கா இவ்வளவும்? வாயை மூடிக்கொண்டு எப்படிப் பாடுவது? ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

ஜூலை 26

தம்பி மூலம் கம்பெனிக்காரர்களின் பதில் வந்தது. வாய் திறக்கும்போது தாடை அசைந்து காதின் துளை வடிவம் மாறுமாம். சிலருக்கு நிறையவே மாறுமாம். அதனால் பாடுகிறவர்களுக்கு வாயைத் திறந்து வைத்துத்தான் அச்சு எடுக்க வேண்டுமாம். குறிப்புத் தாளில் மூன்றாவது வரியிலேயே இருக்கிறதாம். திருப்பி அனுப்பினால் சரிசெய்து தருவார்கள், எட்டு வாரம். இங்கே யாராவது கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும்.

தாளை எடுத்து விரித்தேன். மூன்றாவது வரிதான். மடிப்பு சரியாக அதன் மேல் விழுந்திருந்தது.

"அக்கா, அவங்ககிட்ட காட்டச் சொன்னேனே, காட்டினியா இல்லையா?" என்று தம்பி கேட்டான். காட்டினேன் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு பொய்.

ஏழு நாள் இருக்கிறது. காலையிலிருந்து சாப்பிடவில்லை.

ஜூலை 27

காதுக்கடை அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் சிவப்பு ஓடுகளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலைம்மா. தூங்கறதுக்கு இதவிட நல்லா யாராலயும் செய்ய முடியாது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம் சொன்னார்: "வெளிநாட்டுக்கு அனுப்பத்தான்னு சொல்லியிருந்தா நான் என்ன உங்களக் கடிச்சா தின்னிருப்பேன்? மாசத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு எடுத்து அனுப்பறேன். பாடறவங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பல்லுக்கு நடுவுல ரப்பர் வச்சு எடுத்திருப்பேனே."

பல்லுக்கு நடுவில் ரப்பர் துண்டைக் கொடுத்தார். வாயை ஆவென்று வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் கூடாதாம், அசையக் கூடாதாம். அவரே துடைத்துவிட்டார்.

சிவப்பு ஓட்டில் கை வைக்க மாட்டாராம். கடைத்தெருவில் வாங்கிய இயர்போனுக்கே மெத்தென்று ஒரு உறை செய்து தருகிறார். நாலு நாள் வேண்டும்.

ஜூலை 28

சிவப்பு ஓட்டைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். குறட்டை கேட்கவில்லை. சொன்ன பொய்யாவது நிஜமாகட்டும்.

ஜூலை 31

உறை தயார். மாடி அறையிலேயே பாடிப் பார்க்கச் சொன்னார். கூச்சமாக இருந்தது, பாடினேன். அசையவில்லை. புது மெஷின் மாட்டிக்கொண்டு காத்திருந்த பெரியவர், "அம்மா, மெஷின் அருமையா கேக்குது!" என்று அந்த அம்மாவைப் பாராட்டினார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 1

ஹாலில் ஒத்திகை.

எல்லாம் கேட்டது. மாஸ்டர் விரல் கட்டையில் படுவது கேட்டது. நான் மூச்சு எடுப்பது கேட்டது. மேல் சரணம் வந்தது. வாயைத் திறந்தேன், உறை அசையவில்லை. என் குரல் ஏறியது. ஏறி, போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

உடனே அடியிலிருந்து இன்னொரு குரல் வந்து சரியான இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதே வார்த்தை, அதே இழுப்பு, நான் நெளிக்கிற இடத்தில் அதே நெளிப்பு. திரும்பினேன். புதுசு கண்ணை மூடிக்கொண்டு எனக்காகப் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டை நிறுத்தினேன். "எவ்வளவு நாளா?" என்றேன். மிக்ஸர்காரர் குனிந்து ஒயரைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்: "வந்ததுலேருந்தேக்கா. உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

ஒன்றரை வருடம். எனக்குப் பின்னால் நின்று என்னைத் தாங்கியிருக்கிறாள், நான் அவள் சிரிக்கிறாள் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரே நாள்தான் ஜூன் 9. காரணம் டேப்பும் இல்லை, முனையும் இல்லை, இங்கே வாங்கியதும் இல்லை, அங்கே வாங்கியதும் இல்லை. என் குரல்தான். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கேட்காமல் இருந்தது நான் ஒருத்திதான்.

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், விளையாட்டாக எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

நிகழ்ச்சிக்கு முன் மாஸ்டரிடம் போனேன். "பாட்ட ஒரு கட்டை இறக்கிக்குங்க. அடியில அவ பாட வேண்டாம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கீபோர்டில் இரண்டு பொத்தானை அழுத்தினார், இறக்கிய சுருதியில் முழுப் பாட்டும் தயாராக இருந்தது. "எப்ப பண்ணி வச்சீங்க?" என்றேன். "போன வருஷம்க்கா" என்றார்.

பாடினேன். தப்பில்லை. காதுக்குள் நான் மட்டும் இருந்தேன். கை தட்டினார்கள். ஆனால் அந்தப் பாட்டு அந்த இடத்தில் ஏறினால்தான் அந்தப் பாட்டு. மூவாயிரம் பேருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆகஸ்ட் 5

அடுத்த மாதப் பாட்டுப் பட்டியலை நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எனக்கு மூன்று, எல்லாம் கீழ்ச் சுருதி. அவளுக்கு ஐந்து. என் பாட்டு அவளுடைய ஐந்தில் இருக்கிறது, பழைய சுருதியிலேயே. கோரஸ் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

மாஸ்டர் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். "சரிக்கா" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.