முதலில் மூட்டை

1934 அக்டோபர் 9, செவ்வாய்

தோப்பில் கடைசி அக்ரூட்டையும் உதிர்த்தாயிற்று. கங்காணி எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கிளம்பச் சொல்லிவிட்டான். ரயில்பாதை ஓரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரம் சாய்த்துப் படுக்கிறோம்.

என் கூட்டாளி ஆர்லோவுக்கு ஒரே குஷி. வடக்கே ஆரிகன் மாநிலத்தில் அவன் சித்தப்பா பெட்ரோல் பம்பையும் அதை ஒட்டிய சாப்பாட்டுக் கடையையும் விட்டுவிட்டு மகள் வீட்டோடு போகிறாராம். இருபதாம் தேதிக்குள் போய் நின்றால் கடை எங்களுக்கு. இல்லையென்றால் வேறு யாருக்கோ.

"நான் பெட்ரோல் அடிக்கிறேன், நீ கேக் சுடு. வாசல்ல ரெண்டு நாற்காலி. எவனாவது நம்மளக் கிளம்புன்னு சொல்ல முடியுமா?" என்கிறான். நெப்ராஸ்காவில் ஹோட்டலை இழுத்து மூடும்வரை நான் சமையல்காரன். இந்த நாற்காலிக் கதையை மூன்று வருடமாகக் கேட்கிறேன், அலுக்கவில்லை.

ஆனால் டிக்கெட்டுக்குக் காசில்லை, ஆரிகனுக்கு ஓடுகிற சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டல்லவா போக வேண்டும்? அந்தப் பேச்சு வந்தாலே நான் கேக் பக்கம் திருப்பிவிடுகிறேன்.

அக்டோபர் 11

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். போன வசந்தத்தில் எங்களோடு இருந்த ஹார்லன், ஓடுகிற சரக்கு வண்டியில் தாவும்போது கை நழுவி விழுந்தான். நான் அவனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். சக்கரம் ஏறிய சத்தம் — வேண்டாம். அன்று நான் விழுந்து உடைத்துக்கொண்ட முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை.

வண்டியேறுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம். முதலில் மூட்டை, பிறகு ஆள். போர்வை, சட்டி, குவளை எல்லாம் அதில்தான். வீசிவிட்டால் பின்வாங்க முடியாது, ஓடித் தொற்றித்தான் ஆக வேண்டும். மூட்டையைத் தோளிலேயே வைத்திருப்பவன் வரவில்லை என்று அர்த்தம். அவனை யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

அக்டோபர் 14

வண்டி வந்தது. கூரைமேல் காவல்காரர்கள் தடியோடு நின்றார்கள். ஆர்லோ வாய்க்கு வந்தபடி வைதுவிட்டு உட்கார்ந்துவிட்டான். நான் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகு அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அக்டோபர் 15

பக்கத்துக் கொட்டகைக் கிழவர் தன் தகரக் குவளையோடு பேசுகிறார். காலையில் அதனிடம் நலம் விசாரிக்கிறார். ஆர்லோ விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்?

அக்டோபர் 17

போயிட்டான்.

மத்தியானம் வண்டி வந்தது, காவல் இல்லை. ஆர்லோ மூட்டையை வீசினான், தொற்றினான், ஏறிட்டான். "வீசுடா, சமையக்காரா! வீசுடா!" என்று கத்தினான். ஓடினேன். சத்தியமா ஓடினேன். கை மூட்டைய விட மாட்டேங்குது. நான் சக்கரத்தையே பார்த்தேன். அவன் என் தோளைப் பார்த்தான். கத்துறத நிறுத்திட்டான்.

நான் வரலைன்னு நினைச்சிட்டான். வரணும்னுதான்டா ஓடினேன்!

வண்டி வேகமெடுத்து வளைவில் திரும்பும்போது கதவிலிருந்து ஏதோ விழுந்தது. ஆள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் அவனுடைய மூட்டை. ஏன் எறிந்தான்? கோபத்திலா? எனக்கு இன்னொரு போர்வையாவது இருக்கட்டும் என்றா?

அக்டோபர் 18

மழை. தகரத்தடியில் ஒரு மூட்டைக்குத்தான் இடம். அவனுடையதை வைத்துவிட்டு நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். வடக்கேயிருந்து நடந்து வந்த ஒருவர், அடுத்த நிலையத்தில் காவல்காரர்கள் சிலரை அடித்து இறக்கினார்கள் என்றார். அவர் போனபின் வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 19

காலையில் ஆர்லோவின் குவளையைப் பார்த்து, "காப்பி போதுமாடா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் உறைத்தது. குவளையைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்டோபர் 20, சனி

மதியம் தண்டவாளத்தின்மேல் ஓர் ஆள் தாங்கித் தாங்கி வந்தான். ஒரு கண் மூடியிருந்தது. வலது கை வீங்கி, சட்டைத் துணியில் சுற்றியிருந்தது. எழுந்து நின்றேன்.

"என் போர்வைய நனைய விட்டியா?" என்றான்.

"இல்ல."

"பின்ன ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மூட்டைய வீசினேன்ல? பின்னாடியே ஆள் வருவான்னு தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை பார்த்த வழக்கம், அது எனக்காகவும் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அழுதுவிட்டேன்.

"இன்னைக்குத் தேதி இருபது, ஆர்லோ."

"தெரியும்."

"கடை?"

"எனக்குக் கேக் சுடத் தெரியுமா? வாசல்ல ஒத்த நாற்காலியில உக்காந்து ஈ ஓட்டவா?"

வண்டி வேகத்தில் குதிக்க முடியாமல் அடுத்த நிலையத்தில் இறங்கியபோது காவல்காரர்கள் அடித்ததில், அவன் வலது கை விரல்கள் மடங்கவில்லை. இனி அவனாலும் வண்டியில் தொற்ற முடியாது. குளிர்காலம் வருகிறது, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நாளைக் காலை தெற்கே நடக்கிறோம். இரண்டு மூட்டையையும் நான்தான் தூக்குகிறேன்.