மூர்த்தியின் கையில் இருந்த என் போன்

அன்பு மகள் லோஷினிக்கு,

நம் ஊர் பாலோவிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ பெர்த்தில் புது வீட்டுக் கதவைத் தாழிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் எழுதப் பயமாக இருப்பதால் தாளை எடுத்தேன், உன் தோழி வேலை செய்யும் மருத்துவமனை முகவரிக்கே அனுப்புகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, மழை விடாததால் மிளகாய்ச் செடிதான் அழுகிவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கட்டிய ஜீவன் அடித்ததையும் நீ ஒளிந்திருந்த முகவரியையும் பங்குனியில் எனக்கு எழுதினாயே, அது ஊரெல்லாம் பரவி, பொந்தியானில் இருக்கும் அவன் அம்மா கைக்கும் போய், அவன் வந்து உன் கதவை இடித்தானே, அதைப் பரப்பியவன் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். நாம் சந்தேகப்பட்டது உன் அத்தை செல்வராணியை. அவள் அழுதுகொண்டே வந்து, "அண்ணே, எனக்கும் வந்ததுதான் இது, நான் யாருக்கும் அனுப்பலே" என்று தன் போனை நீட்டினாள். உன் செய்தியை அப்படியே படமாக்கி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவு. பாலோவில் எழுத்தை அவ்வளவு பெரிதாக வைத்திருக்கும் கிழவன் நான் ஒருவன்தான். வந்த நாள் பங்குனி உத்திரம், படத்தின் மேலே தெரிந்த மணி நான் தலையில் பால்குடத்தோடு கோயிலைச் சுற்றிய நேரம். ஈர வேட்டியில் பை ஏது, போனை மூர்த்தியிடம்தான் கொடுத்திருந்தேன். கோயில் துணைத் தலைவர், தன் தம்பி மகனுக்கு உன்னைக் கேட்டு நாம் மறுத்த அதே மூர்த்தி.

பூட்டை எப்படித் திறந்தான் என்று கேட்பாய். நம் கார் எண்ணையே பூட்டு எண்ணாக வைத்திருந்தேன். அந்தக் கார் லாரியில் மோதியபோது ஊரே அந்த எண்ணை நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எழுதியது, மூர்த்திக்கு ஆறுதல் பரிசும் விழுந்தது. மறப்பானா. ஆனாலும் தவறாகப் பழி சுமத்துகிறேனோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் சித்ரா பௌர்ணமிக்கும் பால்குடம் எடுத்தேன், வேண்டுதல் எதுவும் இல்லை, முருகன் மன்னிக்கட்டும். நீ எழுதியதையெல்லாம் முதலில் அழித்துவிட்டு, பூட்டை மாற்றாமல், புது மண்டபக் கல்வெட்டிலிருந்து மூர்த்தி பெயரை எடுக்கப் போகிறோம் என்று உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன். என்னப்பா இது என்று நீ கேட்டும் நான் பதில் எழுதாத காரணம் இதுதான். அப்படி ஒரு முடிவே கிடையாது. போனை மறுபடியும் அவனிடமே கொடுத்தேன். அடுத்த கோயில் நிர்வாகக் கூட்டத்தில் தேநீர் வருமுன்பே அவன் எழுந்து, "என்னா சார், நான் உழைச்ச கோயில்லே என் பேரையே எடுக்கப் போறீங்களாமே, ஆம்பளையா இருந்தா நேரா சொல்லுங்க லா" என்றான். தலைவர் ராஜசேகரன், "யாருய்யா உனக்குச் சொன்னா" என்று கேட்டார். நான் உட்கார்ந்தபடியே, அது என் மகளுக்கு மட்டும் எழுதியது, வேறு யாருக்கும் தெரியாது என்றேன். செல்வராணிக்கு வந்த படத்தையும் காட்டினேன். அவன் முகம் போன போக்கை நினைத்து நினைத்துத்தான் இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறேன். இது சரியா என்று தெரியவில்லை.

பதவி அன்றே போயிற்று. எனக்கு அது போதவில்லை, குளுவாங் போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன். அவன் மனைவி கிருஷ்ணம்மா வந்து, "பேரப்புள்ளைங்க எடுத்த மனுசன் சார், தெரியாம செஞ்சிட்டாரு, விட்டுடுங்க" என்றாள். அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். செய்தி உன்னுடையது என்பதால் உன் வாக்குமூலம் வேண்டும் என்று போலீஸில் சொல்கிறார்கள், அது வராவிட்டால் வழக்கு நிற்காதாம்.

உன் போன் பூட்டை இன்றே மாற்று, பிறந்த நாள், கார் எண் எதுவும் வேண்டாம். ஜீவன் வீட்டுக் கணினியில் உன் மின்னஞ்சல் இன்னும் திறந்திருக்கிறதா, நீ போகுமிடத்தை உன் போன் அவனுக்குக் காட்டுகிறதா என்று பார். முருகன் துணையிருப்பான், அம்மாவும் நானும் மனமார வாழ்த்துகிறோம். உன் குணம் எனக்குத் தெரியும், விட்டுவிடுங்கள் அப்பா என்று எழுத நினைப்பாய். நீ அப்படி எழுதினால் நான் கேட்டுவிடுவேன், எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆகையால் எழுதாதே.

உன் அப்பா
சதாசிவம்