எலாஸ்டிக் வெட்டிய சாக்ஸ்

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். உப்பு டப்பாவைத் தேடாதீங்க, கையோட எடுத்துட்டுப் போறேன்.

சாக்ஸ் துவைக்கும்போது பார்த்தேன். அத்தனை ஜோடியிலும் எலாஸ்டிக்கை வெட்டி வெச்சிருக்கீங்க. கால்ல தடம் விழுந்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்னுதானே? "சலூன்ல நாள் முழுக்க நின்னு முடி வெட்டறவனுக்குக் கால் வீங்காதா"ன்னு நேத்து என் வாயை அடைச்சீங்க. நின்னு வந்த வீக்கம்னா படுத்து எழுந்ததும் வடிஞ்சிருக்கணும். காலையில நீங்க தூங்கறப்போ கணுக்கால்ல கட்டைவிரலை வெச்சு அழுத்தினேன். நான் தலை பின்னி முடிக்கிற வரைக்கும் அந்தக் குழி மறையவே இல்லை.

அஞ்சு மணிக்கு டாக்டர். சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுப் போங்க.

இன்னொண்ணு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு மூணு தலையணை வெச்சுக்கிறதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, தெரியும். இந்தச் சீட்டையே அவர் கையில கொடுத்துடுங்க.