ஒரு கழுவல்

பிப்ரவரி 4, புதன்

இன்று எங்கள் பேராசிரியரைப் படம் எடுத்தார்கள். மூன்று வருடமாகச் சோதனைக்கூட வெள்ளை அங்கியையே தொடாத மனிதர், என்னுடையதை வாங்கி மாட்டிக்கொண்டார். பொத்தான் போட முடியவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு சிரித்தார். கையில் ஒரு சீசா. அதற்குள் நான் செய்த மருந்து உறைகள், கண்ணுக்கு வெறும் தூள் மாதிரி. ஒவ்வொன்றிலும் இரண்டு மருந்து. தீக்காயத்தின் சூடு பட்டால் வெளி ஓடு இளகி வலி மருந்து வரும். கிருமி சேர்ந்து காயத்தில் காரத்தன்மை ஏறினால்தான் உள் ஓடு உடைந்து கிருமிக்கொல்லி வரும். சோதனைக்கு மருந்துக்குப் பதில் சாயம்: வலிக்குச் சிவப்பு, கிருமிக்கு நீலம்.

"எப்ப எதைத் திறக்கணும்னு அதுக்கே தெரியும்" என்றார் படக்காரரிடம். எனக்குத்தான் தெரியாது. அவர் முன்னால் நான் வாயைத் திறந்த நாளெல்லாம் தப்பான நாள்.

பிப்ரவரி 9, திங்கள்

அக்கா ஃபோன். தீக்காய வார்டில் நர்ஸ். "உன் சரக்கு அடுத்த மாசம் எங்க வார்டுக்கு வருதாமே! மூணு நாளைக்குக் கட்டே பிரிக்க வேணாமாம்ல? பிரிக்கிறப்ப அவங்க கத்துற கத்து உனக்குத் தெரியாதுடி." மே கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது, இது நடந்தால் நீட்டிப்பார்கள் என்றேன். "நீட்டாம?" என்றாள் பெருமையாக.

பிப்ரவரி 17, செவ்வாய்

வார்டுக்கான புது உறைகளைச் செய்யலாமென்று போன ஆகஸ்டு நோட்டைப் புரட்டினேன். காரம் ஏற ஏற நீலக் கோடு ஜம்மென்று ஏறுகிற அந்த வரைபடம், பேராசிரியர் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகிற படம், அதற்கான பக்கம். என் கையெழுத்தில்: கழுவியது — 1.

மூன்று முறை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உறைக்கு வெளியே ஒட்டிய சாயமும் உள்ளேயிருந்து வந்ததாகச் சேர்ந்துவிடும். அன்றைக்குப் பார்வையாளர்கள் வந்து நின்றார்கள், பேராசிரியர் வாசலில் "ஆச்சாம்மா, ஆச்சாம்மா" என்று — சரி, அவர் தலையில் கட்டாதே. கழுவாதது யார்? நான். ஊரையே கிண்டல் பண்ணுகிற மகாராணி.

அந்த ஆகஸ்டு உறைகளில் மீதமிருந்ததை வெறும் தண்ணீரில் போட்டேன். சூடும் இல்லை, காரமும் இல்லை. பத்தே நிமிடத்தில் தண்ணீர் நீலம்.

பிப்ரவரி 18

புதிதாகச் செய்து மூன்று முறை கழுவிச் சோதித்தேன். சிவப்பு பரவாயில்லை. நீலக் கோடு படுத்த படுக்கை.

பிப்ரவரி 19, வியாழன்

பேராசிரியரிடம் சொன்னேன்.

"சார், நீலம் உள்ளேயே போகலை. வெளியே ஒட்டினதுதான்."

"கழுவினா கொஞ்சம் போகத்தாம்மா செய்யும்."

"கொஞ்சம் இல்ல சார், மொத்தமும்."

யோசித்தார். முகம் மலர்ந்தது. "அப்ப செய்முறையிலயே ஒரு கழுவல்னு எழுதிடு."

இவ்வளவு சுலபமான வழி இருப்பது தெரியாமல் நான் போய் மாங்குமாங்கென்று கழுவியிருக்கிறேன். எழுந்து வரும்போது, "மே மாசம் உன் நீட்டிப்பு என் மேசைக்குத்தானே வரும்?" என்று அன்பாகக் கேட்டார்.

பிப்ரவரி 20

பயமா இருக்கு. ஒரே கழுவலோட வார்டுக்குப் போனா, கிருமிக்கொல்லி முதல் மணி நேரத்துலயே காலி. ரெண்டாம் நாள் கிருமி வந்தா உள்ள ஒண்ணுமே இருக்காது. கட்டையும் பிரிக்க மாட்டாங்க — அதான் புத்திசாலி உறை இருக்கே, அது பார்த்துக்கும்! எனக்கு இந்த வேலை வேணும். அதுக்காக?

பிப்ரவரி 23, திங்கள்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். எத்தனை மணி நேரத்தில் காலியாகும் என்று மட்டும் கேட்டாள். பிறகு, "நான் வேணாம்னு சொன்னா நர்ஸுக்கு என்ன தெரியும்னுவாங்க. நீ எழுதுடி."

மருத்துவமனையின் அனுமதிக் குழுவுக்கு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். 'நான் சரியாகக் கழுவவில்லை' என்ற வரியை மட்டும் நாலு முறை அடித்து எழுதினேன். முதல் மூன்று முறையும் 'சரியாகக் கழுவப்படவில்லை' என்றுதான் வந்தது. கை எவ்வளவு கெட்டிக்காரக் கை!

மார்ச் 2

வார்டு சோதனையை நிறுத்திவிட்டார்கள். கூடத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. சாமான் அறைக்காரர் மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்லதுதான் பண்ணினீங்க" என்றார், உதடு அசையாமல்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கருத்தரங்கில் பேராசிரியர் பேசினார். தலைப்பு: 'நம் தவறை நாமே கண்டுபிடிக்கும் துணிவு'. படுத்துக் கிடந்த என் நீலக் கோடு திரை முழுக்க. "நாங்கள் மறுபடியும் கழுவினோம்" என்றார், கண் கலங்க. கைதட்டல் அடங்கவே இல்லை. இந்த மனிதர் வீட்டில் ஒரு டம்ளராவது கழுவியிருப்பாரா? நானும் தட்டினேன்; பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

மே 29, வெள்ளி

நீட்டிப்பு இல்லை. 'இப்பணியிடம் தேவைப்படவில்லை.' அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

அட்டைப்பெட்டியில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். சமாதானம் சொல்லப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் அதைப் பற்றியே பேசவில்லை.

"ஆறாம் படுக்கையில ஒரு அம்மா. உன் சரக்கு வந்திருந்தா அவங்களுக்கும் அதைத்தான் போட்டிருப்போம், மூணு நாளைக்குப் பிரிச்சிருக்கவும் மாட்டோம். இப்ப வழக்கம்போல ரெண்டாம் நாளே கட்டைப் பிரிச்சோம். அவங்க கத்தினதுல வார்டே அரண்டு போச்சு. உள்ள சீழ் வெச்சிருந்துச்சுடி. பார்த்துட்டோம், உடனே மருந்து ஏத்திட்டோம். இன்னைக்கு எழுந்து உக்காந்து என்னையே அதட்டுறாங்க."

இன்னொரு தடவை சொல்லு என்றேன். முதலிலிருந்து சொன்னாள்.