பண்ணையாள் உடுப்பு

மான்செஸ்டர்,
15 ஜூன் 1964

அன்புள்ள வெர்லீன்,

சுகமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வலி தேவலை. இங்கே தேநீரில் பாலை ஊற்றித்தான் தருகிறார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது.

என்னோடு வாசிக்கும் பையன்கள் நாலு பேர். கித்தார்காரன் டெரிக் பகலில் நூல் ஆலை ஆபீஸில் வேலை பார்க்கிறான். நானே மறந்துபோன என் பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றைப் பிசகில்லாமல் வாசித்துக் காட்டினான். "இதை எங்கப்பா பிடிச்ச?" என்றேன். "ஒரு கப்பல்காரர்கிட்ட உங்க ரெக்கார்டை வாங்கினேன் சார். தேய்ஞ்சு கரகரன்னு ஆகிற வரைக்கும் கேட்டேன்" என்றான். சிகாகோவில் நம் கறுப்பு இளசுகள் கிழட்டுப் பாட்டு என்று எழுந்து போகிறதை நீயே பார்த்திருக்கிறாய். இங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்னை 'மிஸ்டர் ஹேர்ஸ்டன்' என்கிறார்கள்.

ஒரே ஒரு சங்கடம். கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் பெம்பர்டன் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே மிசிசிப்பிப் பஞ்சுக்காட்டில் அந்தக் காலத்தில் நாங்கள் போட்ட அதே தோள்பட்டி வைத்த முரட்டுக் கால்சட்டை, வைக்கோல் தொப்பி. "உங்க மின்சார கித்தார் வேணாம். மரக் கித்தார் வச்சிருக்கேன். ஜனங்க அசல் மிசிசிப்பியைப் பார்க்க வர்றாங்க" என்றார். நான் சிகாகோ இரும்பாலையில் வேலை பார்க்கிறவன் என்றேன். "அதை மேடையில சொல்லிடாதீங்க" என்றார்.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு பாடினேன். கைதட்டல் பலம். பின்னால் நாலு பையன்களும் பளபளக்கும் சூட்டில். டெரிக் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நம் மகள் நெட்டியிடம் சொல்லாதே.

உன் லூதர்

சிகாகோ,
24 ஜூன் 1964

அன்புள்ளவருக்கு,

நெட்டியிடம் சொல்வதற்கு அவள் இங்கே இருந்தால்தானே. நீங்கள் விமானம் ஏறிய மறுநாளே கல்லூரிக் கூட்டத்தோடு மிசிசிப்பிக்குப் பஸ் ஏறிவிட்டாள். நம் ஜனங்களை வாக்காளராகப் பதிய வைக்கப் போகிறாளாம். கதவை மறித்து நின்று பார்த்தேன். "அப்பா இருந்தா விடமாட்டாரும்மா, அதான் அவர் போறவரைக்கும் பொறுத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு, என்னை மெதுவாக நகர்த்திவிட்டுப் போனாள். அங்கே இதே வேலைக்குப் போன மூன்று பையன்களைக் காணவில்லை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அந்தப் பெட்டியை அணைக்கவும் பயம், கேட்கவும் பயம்.

இன்னொன்று. வயலில் வேலை செய்கிறவர்களோடு பழக வேண்டும் என்று அவளும் அந்த முரட்டுக் கால்சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அவள் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். உங்களுக்கு ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார். உங்கள் தங்கையை அடித்த வெள்ளைக்காரக் கங்காணியைத் திருப்பி அடித்துவிட்டு, சரக்கு ரயிலில் ஒளிந்து ஊரைவிட்டு வந்த மனுஷனுக்கு அந்த வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டுமா?

வெர்லீன்

லண்டன்,
4 ஜூலை 1964

அன்புள்ள வெர்லீன்,

உன் கடிதம் லீட்ஸில் கிடைத்தது. நெட்டி சேதியை நாலு தரம் படித்தேன்.

அன்றைக்கே நான் என் நீல சூட்டைப் போட்டேன். பெம்பர்டன் வழியை மறித்தார். "இப்படி மேடை ஏறினா மிச்ச ஊர் எதுவும் உங்களுக்குக் கிடையாது" என்றார். டெரிக் தன் ஒலிபெருக்கியிலிருந்து அவன் கம்பியைப் பிடுங்கிவிட்டு என் கித்தாரைச் செருகினான்.

முதல் பாட்டிலேயே சீழ்க்கை. ஒருவன் எழுந்து "போலி" என்று கத்தினான். லீட்ஸில் பிறந்தவன், மிசிசிப்பியில் பிறந்த என்னைப் பார்த்து! பாதிப் பேர் வெளியேறினார்கள். நிறுத்திவிடலாமா என்று தோன்றியது, வெர்லீன். டெரிக் பக்கத்தில் வந்து நின்று, "விடாதீங்க சார், நாங்க இருக்கோம்" என்றான். மிச்சமிருந்த பிள்ளைகள் நாற்காலியை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்காக விடிய விடியப் பாடியிருப்பேன்.

பெம்பர்டன் சொன்னபடியே செய்துவிட்டார். பையன்கள் என்னை லண்டனுக்குக் கூட்டிவந்தார்கள். ஒரு நிலவறை கிளப்பில் வாராவாரம் பாட அழைக்கிறார்கள், என் விருப்பப்படியே. இங்கே வெள்ளைக்காரர் யார் வீட்டுக்கும் முன்வாசல் வழியாகவே போகிறேன், நம் ஊர்போலக் கொல்லைப்புறமாக அல்ல. தங்கிவிடலாமா என்று தோன்றுகிறது. நெட்டியை வரவழைத்து நீயும் கிளம்பி வாயேன்.

லூதர்

சிகாகோ,
10 ஜூலை 1964

அன்புள்ளவருக்கு,

நெட்டியைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். எங்கே என்று சொன்னால் பதறுவீர்கள்: உங்கள் ஊர் ஹார்லன்வில் சிறையில்தான். நாளை பஸ்ஸில் போகிறேன். அந்த ஊர்ப் பாதிரியார் டாசன் வீட்டில் தங்குவேன்.

நீங்கள் வர வேண்டாம். அந்தக் கங்காணியின் மகன் இப்போது அங்கே போலீஸ். இருபத்தைந்து வருடமானாலும் உங்கள் பெயரை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோபத்தில் சொல்லவில்லை. இரண்டு பேருக்காகவும் சேர்த்து நடுங்க என்னால் ஆகாது. சூட் போட்டதைப் படித்து அழுதேன். அங்கேயே பாடுங்கள்.

உங்கள் வெர்லீன்

லண்டன்,
16 ஜூலை 1964

என் வெர்லீனுக்கு, பாதிரியார் டாசன் வீட்டு விலாசத்துக்கு,

ஊருக்குத் திரும்புகிறேன் என்று கிளப்பில் சொல்லிவிட்டேன். டெரிக் முகம் தொங்கிப்போயிற்று. "திரும்பி வருவீங்களா?" என்றான். "தெரியலப்பா. பாட்டு உன் கையில இருக்கு, வாசி. யாரோடதுன்னு கேட்டா மட்டும் மறைக்காதே" என்றேன். அவன் தலையாட்டினான்.

பயமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் மகள் அந்த ஊரில் அடைபட்டுக் கிடக்க, அந்த ஊரைப் பற்றி இங்கே நின்று பாட என் நாக்கு எழாது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் ஹார்லன்வில்லில் இறங்குவேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். சிறைக்குப் போகிற வழி எனக்குத் தெரியும்.

லூதர்