மன்னாரில் கரண்ட் இருக்கிறது

மார்ச் 20, 2023, திங்கள்

முசியே பெலாஞ்சேயின் கந்தோரில் இருந்து இப்போதுதான் வந்தேன். ஒரே சந்தோஷம்! இந்த நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவருக்கு அடுக்குமாடிகள் நிறைய. ஹீட்டர் வேலை செய்யவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று குடியிருப்பவர்கள் சொல்லும் முறைப்பாடுகளை, குளிர்காலம் முழுவதும் மன்னாரில் இருந்தபடியே போனிலும் கணினியிலும் கவனித்தது என்னிடம் வேலை செய்யும் பிள்ளைகள் ஒன்பது பேர்தான். அது வெறும் பரீட்சை. இனி மூன்று வருட ஒப்பந்தமாம்! போலந்துக் கொம்பனி ஒன்றும் போட்டிக்கு நிற்கிறது. நாங்கள் தோற்றால் மன்னாரில் எல்லாவற்றையும் பூட்ட வேண்டியதுதான்.

மார்ச் 23

பெலாஞ்சே கேட்டுவிட்டார். போன வருடம் டிவியில் இலங்கையின் பெட்ரோல் வரிசை, ஊரடங்கு, மின்வெட்டு எல்லாம் பார்த்தாராம். மறுபடி வந்தால் தன் குடியிருப்பாளருக்கு யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. போலந்துக்காரர், எங்கள் நாட்டில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் என்ன எழுத? இலங்கை அமைதிப் பூங்கா என்றா?

அங்கே எல்லாவற்றையும் நடத்தும் றெக்ஸைக் கேட்டேன். சித்தப்பாவின் மகன், வாய்க்காரன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கேலுமோ அக்கா? நடந்ததை எழுதுங்கோ."

எழுதினேன். ஒரே கந்தோரில் இருப்பதில்லை, மூன்று வீடுகளில் இருக்கிறார்கள். சோலார், பற்றறி, இரண்டு கொம்பனியின் இன்டர்நெட் இணைப்பு. ஒரு வீட்டில் வேலை நின்றால் அடுத்த வீடு எடுத்துச் செய்யும். ஊரடங்கு என்றால் முதல்நாளே பாயோடு வந்து தங்கிவிடுவார்கள். போன வருடம் முழுக்க இப்படித்தான் அப்போதிருந்த வேறொரு வாடிக்கையாளருக்கு வேலை ஓடியது. இதையெல்லாம் வாசித்துவிட்டு யார் வேலை தருவார்கள்?

மார்ச் 30

பதில் இல்லை.

ஏப்ரல் 5, புதன்

உறைமழை, பட்ட இடமெல்லாம் ஐஸாகிறது. மரங்கள் முறிந்து விழுகின்றன. எங்கள் தெருவே இருட்டு. காருக்குள் போனை சார்ஜில் போட்டுவிட்டு எழுதுகிறேன். பெலாஞ்சேயின் கந்தோரிலும் கரண்ட் இல்லை, தொலைபேசியும் செத்துவிட்டது. ஆனால் குடியிருப்பவர்கள் கைப்பேசியில் அனுப்பும் முறைப்பாடுகள் மன்னாருக்குப் போய்க் கொட்டுகின்றன!

றெக்ஸ் எடுத்தான். "இஞ்ச எல்லாம் ஓடுது அக்கா. அங்கதான் கரண்ட் இல்லையாம், மெய்யோ?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர் தாங்காமல் பார்பிக்கியூ அடுப்பை வீட்டுக்குள் மூட்டப் போவதாக ஒருவர் எழுத, எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தியான ஜென்சி உடனே அவருக்குப் போன் போட்டாளாம். புகை ஆளைக் கொல்லும் என்று சொல்லி, அவர் அதை வெளியே வைக்கும்வரை விடவில்லை. என்ன பிள்ளை!

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

இன்னும் கரண்ட் வரவில்லை. மன்னாரில் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு மாறி மாறிப் போய்வந்து வேலை செய்கிறார்கள். பெலாஞ்சேயும் தன் காருக்குள் இருந்துதான் பேசினார். "இப்போது என் கந்தோர் மன்னார்தான், செலீன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். காருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 17

உட்கார இருபது கதிரை வாங்கு என்று றெக்ஸிடம் சொன்னேன். ஒன்பது பேருக்கு எதற்கு இருபது என்றான். பெலாஞ்சே கையெழுத்திட்ட மூன்று வருட ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

"அப்ப நாலாவது வீடொண்டு பாக்கவோ அக்கா?"

"ஓம்," என்றேன்.